சாட்சி சொன்ன நாற்பத்தொரு கோடி

பேக்கரியில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. தெருமுனையிலேயே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரருக்கு மட்டும் வரவில்லை. அவர் கண் மேஜைமேல் கிடந்த செல்போனை விட்டு அசையவில்லை.

அக்கா நேராகப் போய் அடுப்பை அணைத்தார். அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னார்.

அக்கா என்றால் என்னோடு பிறந்தவர் இல்லை. ஊருக்கு அவர் துப்பு மேடம். எனக்குச் சம்பளத்தை அளந்தும் திட்டை அளக்காமலும் கொடுக்கிறவர். என்னை அவர் வாயாடி என்றுதான் கூப்பிடுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் நானும் என்ன என்று கேட்பேன்.

"காலையில ஆபீஸுக்குன்னு கிளம்பினா மேடம்," என்றார் பேக்கரிக்காரர். "போய்ச் சேரல. அப்புறம் ஒரு தடியன் குரல். 'உன் பொண்டாட்டி எங்ககிட்ட இருக்கா. அவ மண்டைக்குள்ள இருக்கிற நம்பர் எங்களுக்கு வேணும். சொல்லச் சொல்லு. போலீசுக்குப் போனா, நம்பரும் வேண்டாம், அவளும் வேண்டாம்'னான்."

"என்ன நம்பர்?"

பதில் மூலையிலிருந்து வந்தது. இஸ்திரி கலையாத சட்டை, பையில் மூன்று நிறத்தில் பேனா. "பெட்டக நம்பர் மேடம். நானும் அவங்களும் ஒரே பூட்டுக் கம்பெனி. அவங்க எண்களை உண்டாக்குவாங்க, நான் சரிபார்ப்பேன். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடி வந்தேன்."

கணக்கம்மா என்று கம்பெனியே கொண்டாடும் அந்தப் பெண்மணிக்குப் பக்கத்து மேஜைக்காரர் இவர். ஒரு பெரிய பெட்டகம். அதைத் திறக்க இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று கணக்கம்மா மனசில், ஒன்று இவர் மனசில். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. எங்கும் எழுதி வைக்கவும் கூடாது. இரண்டும் ஒன்பது இலக்கம், இரண்டும் பகா எண்.

"பகா எண்ணுன்னா எனக்குத் தெரியும்," என்றேன். "ஏழு, பதினொண்ணு மாதிரி. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. எங்க வீட்டு ஓனர் மாதிரி, யாருக்கும் பங்கு குடுக்காது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் அடுத்த இரண்டு ஜோக்குகள் தொண்டையிலேயே இறந்தன.

"ஏன் பகா எண்ணாவே இருக்கணும்?" என்று அவரைக் கேட்டார்.

"கம்பெனி வழக்கம் மேடம். ஒரு இலக்கம் மாத்தி அழுத்தினாக்கூட அது அநேகமா பகு எண்ணாப் போயிடும், மெஷின் பிடிச்சிடும். இன்னொரு வழக்கமும் உண்டு. உண்டாக்கினவங்களே சரின்னு சொல்லக் கூடாது. இரண்டாம் கை பார்க்காத எண் வாசப்படி தாண்டாது. நான்தான் அவங்களுக்கு இரண்டாம் கை. இந்தப் பெட்டக நம்பரை மட்டும்தான் மெஷின் பார்த்துச்சு."

"பார்த்தாலே தெரிஞ்சிடுமா சார்?" என்றேன் நான்.

இவ்வளவு கலவரத்திலும் அவர் முகத்தில் தொழில் பெருமை எட்டிப் பார்த்தது. "பகு எண்ணுன்னா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள சொல்லலாம் தம்பி. ஒரே ஒரு வகுத்தி மாட்டினா போதும், கதை முடிஞ்சுது. பகா எண்ணுன்னு சொல்றதுதான் பாடு. ஒன்பது இலக்கம்னா, இருபதாயிரம் முப்பதாயிரம் வரைக்கும் இருக்கிற பகா எண் அத்தனையாலயும் வகுத்துப் பார்த்து, எதுலயும் விழலன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். மெஷின் இல்லாம நடக்கிற காரியமா அது?"

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு மனுஷங்களும் எண்தான் மேடம். என்னை இருபத்தெட்டும்பா. தன்னை விட்டுட்டு அதோட மத்த வகுத்தி எல்லாத்தையும் கூட்டினா அதே இருபத்தெட்டு வருமாம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல, நிறைவெண்ணாம். என் தங்கச்சி பன்னெண்டு. கூட்டினா பதினாறு வரும். 'உங்க தங்கச்சி மிகையெண், எல்லாம் கொஞ்சம் ஜாஸ்தி'ம்பா. தனக்கு இருநூத்தி இருபதுன்னு வச்சுக்கிட்டா, இவருக்கு இருநூத்தி எண்பத்தி நாலு. ஒண்ணோட வகுத்திகளைக் கூட்டினா மத்தது வருமாம். நட்பெண்கள்னு பேராம். எனக்குக்கூட அவ அந்த மரியாதை குடுக்கல."

சரிபார்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கமாக இருந்தது.

போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் அக்கா தாழ்ந்த குரலில். "அழுதாலும் பரவாயில்ல, பேச்சை வளர்த்துங்க. வாயாடி, பதிவு பண்ணு."

என் போனைப் பக்கத்தில் வைத்தேன்.

"உன் பொண்டாட்டி லேசுப்பட்ட ஆள் இல்லய்யா," என்றது தடியன் குரல். "நீ கேட்கிற மாதிரி இருந்தாத்தான் நம்பரைச் சொல்வாளாம். பேசு. ரெண்டு வார்த்தைக்கு மேல போச்சு, அறுத்திடுவேன்."

எதை அறுப்பான் என்று அவன் சொல்லவில்லை. பேக்கரிக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க..." பெண் குரல். களைத்திருந்தது, உடையவில்லை. "நல்லாத்தான் இருக்கேன். அழாதீங்க. அவரு அங்க வந்திருக்காரா, இரண்டாம் கை?"

"இருக்கேம்மா! சொல்லுங்க!" சரிபார்ப்பாளர் பாய்ந்து போன்மேல் குனிந்தார்.

"என் பாதியைச் சொல்றேன் சார். பகா எண்ணுதான்னு நீங்க சொன்னாத்தான் இவங்க நம்புவாங்க. நாலு ஒண்ணு ஆறு. ஏழு நாலு அஞ்சு. மூணு ரெண்டு ஒன்பது."

எழுதக் காகிதம் தேட நேரமில்லை. மேஜைமேல் மாவு பரந்து கிடந்தது. அதில் விரலால் எழுதினேன்.

சரிபார்ப்பாளர் மாவைப் பார்த்தார். "பகா எண்தான்," என்றார் உடனே. "சந்தேகமே இல்ல. அவங்க பாதியேதான்."

"அப்படியா சார்?" என்றது அந்தக் குரல். அதில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கே கேட்டது.

"கேட்டுக்கிட்டேன்," என்றான் தடியன். "சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. நம்பர் வேலை செஞ்சா அவ வீடு வந்து சேருவா." இணைப்பு அறுந்தது.

பேக்கரிக்காரர் நாற்காலியில் சரிந்து விம்மினார். சரிபார்ப்பாளர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "இனிமே பயமில்ல. யாரும் வெளியே போகாதீங்க, போனை விட்டு நகராதீங்க. நான் ஆபீஸ் போய் என் பாதியை மாத்திட்டா, அவங்க நம்பரை மட்டும் வச்சு பெட்டகத்தை யாரும் தொட முடியாது." கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி இருந்தது. நான் கருகாத பன் ஒன்றைத் தேடி எடுத்தேன். அக்கா மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. மாவில் நான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயாடி, இது என்ன?"

"நாற்பத்தொரு கோடியே அறுபத்தேழு லட்சத்து நாற்பத்தஞ்சாயிரத்து முந்நூத்து இருபத்தொன்பது. என் வாழ்க்கையில நான் எழுதின பெரிய தொகை."

"அந்தம்மா கோடி, லட்சம்னா சொன்னாங்க?"

பதிவைத் திரும்பப் போட்டேன். நாலு ஒண்ணு ஆறு, மூச்சு. ஏழு நாலு அஞ்சு, மூச்சு. மூணு ரெண்டு ஒன்பது.

"உயிர் போற நேரத்துலயும் மூணு மூணா எண்ணி வச்ச மாதிரி சொல்றாங்க. நீ உன் வசதிக்குக் கமா போட்டுக் கலைச்சுட்டே." அக்கா உள்ளங்கையால் மாவைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 416 745 329.

"ஒற்றைப்படை. அதனால ரெண்டுல போகாது," என்றேன். "கடைசி ஒன்பது, அஞ்சுலயும் போகாது. இலக்கத்தைக் கூட்டினா நாற்பத்தொண்ணு, மூணுலயும் போகாது. என் பள்ளிக்கூடம் இத்தோட முடிஞ்சுது."

அக்கா பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினார். "வீட்டுல ஒரு பெரிய நம்பரைப் பார்த்தா அவங்க என்ன செய்வாங்க?"

"எதைப் பார்த்தாலும் ஒரே விளையாட்டுதான் மேடம். சிக்னல்ல நிக்கிற லாரியில போன் நம்பர் எழுதியிருந்தாக்கூட விடமாட்டா. பின்னால இருந்து மூணு மூணாப் பிரிப்பா. ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டுவா, மத்ததைக் கழிப்பா. பூஜ்யம் வந்துட்டா கை தட்டுவா. 'ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணு மாங்காயும் ஒரே கல்லுல விழுந்துடுச்சுங்க'ம்பா. எனக்கு என்ன புரியும்? நானும் சேர்ந்து தட்டுவேன்."

"ஆபீஸ்லயும் அதே விளையாட்டா?"

"அங்க எல்லாரும் எண்ணைக் கையில வாங்கினதும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்களாம். வாசல்ல செருப்பு கழட்டற மாதிரின்னு சொல்வா."

அக்கா முதலையும் கடைசியையும் கூட்டினார். மாவில் அவர் விரல் நகர்வதை நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம். நானூற்றுப் பதினாறும் முந்நூற்று இருபத்தொன்பதும் சேர்ந்தால் எழுநூற்று நாற்பத்தைந்து.

நடுவில் உட்கார்ந்திருந்ததும் அதே எழுநூற்று நாற்பத்தைந்துதான். கழித்தால் பூஜ்யம்.

நான் போனில் கணக்குப் போட்டேன். ஏழால் மீதியின்றிப் போனது. பதினொன்றால் போனது. பதின்மூன்றாலும் போனது. பகா எண்ணாவது, மண்ணாங்கட்டியாவது! ஊர்ப் பொதுச் சத்திரம் மாதிரி எல்லாப் பக்கமும் கதவு.

இந்த முறை பேக்கரிக்காரருக்குக்கூடக் கை தட்டத் தோன்றவில்லை.

"பெட்டகப் பாதி இது இல்ல," என்றார் அக்கா. "தடியன்கிட்ட நம்பர் மாதிரி நீட்டியிருக்காங்க, நமக்குச் சேதி சொல்லியிருக்காங்க. நடுவுல இருக்கிற எழுநூத்தி நாற்பத்தஞ்சு வெறும் கூட்டுத்தொகை, திரைச்சீலை. சரக்கு ரெண்டு ஓரத்துலதான் இருக்கு. நானூத்திப் பதினாறு, முந்நூத்தி இருபத்தொன்பது. என்னது இது?"

"பஸ் நம்பர்? ஓட்டல் ரூம்? யாரோட எடையாவது..."

"நானூத்திப் பதினாறா?" பேக்கரிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், அது எங்க லைன்! கரண்ட் லைன்! கரண்ட் போய் அடுப்பு நின்னுபோனா, அவதான் கரண்ட் ஆபீஸுக்குப் போன் பண்ணுவா. கம்பத்துத் தகட்டுல இருக்கிற நம்பரைச் சொன்னாத்தான் அவன் ஆளை அனுப்புவான். மேல இருக்கிறது லைன், கீழ இருக்கிறது கம்பம். வாசல்ல போய்ப் பாருங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். கடை வாசல் கம்பத்தில் துருப்பிடித்த தகடு. மேலே 416. கீழே 287.

உள்ளே வந்து சொன்னதும் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். "இங்கதான் இருக்கா. ஏதோ ஜன்னல் வழியாக் கம்பத்தைப் பார்த்திருக்கா. பக்கத்துலயே இருக்கா மேடம்!"

கரண்ட் ஆபீஸ் எண்ணை அவரிடம் வாங்கி நானே அழைத்தேன். தூங்கி எழுந்த குரல் ஒன்று கிடைத்தது.

"ஐயா, கம்பத்துல தீப்பொறி பறக்குது! லைன் நானூத்திப் பதினாறு, கம்பம் முந்நூத்தி இருபத்தொன்பது!"

"அது பழைய ஐஸ் பாக்டரி பின்சந்து ஆச்சே. அங்க ஈ காக்கா கிடையாதே, நீ என்ன பண்றே?"

"ஐஸ் வாங்க வந்தேங்க."

"அது மூடி எத்தனை வருஷமாச்சு! சரி சரி, நம்ம வண்டி அந்தப் பக்கம்தான் நிக்குது. அனுப்பறேன்."

"ஐயோ, வண்டி வேண்டாங்க..." அவர் வைத்துவிட்டார்.

அக்கா ஏற்கெனவே ரொட்டி வண்டியில் ஏறியிருந்தார். பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கும் அடுப்புத் துடுப்புக்கும் நடுவில் விழுந்தேன். அந்தத் துடுப்பு, ரொட்டியை உள்ளே தள்ளுகிற நீளக் கட்டை, திருப்பத்துக்குத் திருப்பம் என் முழங்காலில் இடித்தது. அக்கா தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரை அழைத்து, சைரன் போடாமல் ஐஸ் பாக்டரி பின்சந்துக்கு வரச் சொன்னார்.

"அந்த சரிபார்ப்பாளருக்கும் சொல்லிடலாமேக்கா," என்றேன். "பாவம், தப்பா சொல்லிட்டாரு."

"தப்பாவா?" அக்கா திரும்பவில்லை. "ஒன்பது இலக்கத்தைப் பார்த்தவுடனே பகா எண்ணுன்னு மனுஷனால சொல்ல முடியாதுன்னு நமக்குச் சொல்லிக்குடுத்ததே யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் எங்களை உட்கார வைத்துப் பாடமே எடுத்திருக்கிறது.

ஆனாலும் நான் விடவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம். பார்த்த மாத்திரத்துல பகு எண்ணுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும், சரி. சேதின்னும் புரிஞ்சிருக்கும். தடியன் காதுல விழுதே, அதனால வேணும்னே பகா எண்ணுன்னு சொல்லி அவனை ஏமாத்தியிருக்கலாம் இல்லையா? அந்தம்மாவைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னாருன்னு ஏன் வச்சுக்கக் கூடாது?"

"வச்சுக்கலாம். நானும் அப்படித்தான் வச்சுக்கிட்டேன்." அக்காவின் குரல் இறுகியது. "போனை வச்ச பிறகு யாரை ஏமாத்தினாரு? அப்போ அங்க இருந்தது நாம மூணு பேர்தான்."

பேக்கரிக்காரரின் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிவந்துகொண்டே போனது.

"காலையில வந்ததும் அவனுக்கு டீ போட்டுக் குடுத்தேன்," என்றார் கடைசியில். "வெறும் வயித்தோட இருக்காதீங்கன்னு பன்னும் குடுத்தேன்."

"பெட்டகத்தைத் திறக்க அவன் பாதி போக, உங்க வீட்டம்மா பாதிதானே பாக்கி. ஆபீஸுக்குன்னு சொல்லிட்டுப் போனவன், அவங்களை இடம் மாத்தத்தான் போறான்," என்றார் அக்கா. "கம்பம் தெரியாத இடத்துக்கு. இன்னும் வேகமாப் போங்க."

இடம் மாற்றிவிட்டால் அப்புறம் கம்பமும் இல்லை, எண்ணும் இல்லை. சாயங்காலம் அவர்களுக்கு உண்மையான பாதி கிடைக்காதபோது கணக்கம்மாவை என்ன செய்வார்கள்? அதற்கு மேல் என் வாயிலிருந்து ஜோக் வரவில்லை.

ஐஸ் பாக்டரி பின்சந்துக்குள் வண்டியைத் திருப்பினோம். அங்கே ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

கரண்ட் ஆபீஸ் வண்டி சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. குறுக்கே ஏணி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கார், விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. லைன்மேன் ஏணியின் பாதியில் நின்று, "தீப்பொறி பறக்குதுன்னு வரச் சொல்லியிருக்காங்கய்யா! பார்க்காம வண்டியை எடுக்க மாட்டேன்! நீ கத்தினா கம்பம் இறங்கி வழி விடுமா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

காருக்குள் இஸ்திரி கலையாத சட்டை.

அக்கா இறங்கிப் போய்க் கார் ஜன்னலில் கையை வைத்தார். "ஆபீஸ் இந்தப் பக்கமா சார்?"

அவன் முகம் வெளுத்தது. இனிமேல் இந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, மூளைக்காரன். ஒரு மூச்சில் சமாளித்துக்கொண்டான்.

"மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க! அந்த எண் பகு எண் மேடம், அது ஒரு சேதி. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. அவர் பதட்டத்துல ஏதாவது பண்ணிடுவாரேன்னுதான் சொல்லல. நானே தனியா வந்து அவங்களை மீட்டுடலாம்னு..."

எனக்கு ஒரு கணம் அது உண்மையாகவே பட்டது. பேக்கரிக்காரரும் தயங்கி நின்றார். அவர் மனசும் அதை நம்பத்தான் தவித்திருக்கும்.

அக்கா மட்டும் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ஹார்டுவேர் கடைப் பை. அதன் வாயில் எட்டிப் பார்த்தது ஒரு புத்தம்புது பூட்டு. சாவிகள்கூட இன்னும் அதில் கட்டியிருந்த நூலோடு தொங்கின.

"மீட்கப் போறவரு பூட்டை உடைக்க ஏதாவது வாங்கியிருப்பாரு," என்றார் அக்கா. "பூட்டறதுக்கு வாங்கியிருக்க மாட்டாரு."

அவன் பையை அவசரமாக இழுத்து மூடினான்.

அதே நேரம் ஏணி உச்சியிலிருந்து ஒரு அலறல். "ஐயோ, சுவர்ல இருக்கிற ஜன்னலுக்குள்ள ஒரு பொம்பளையைக் கட்டிப் போட்டிருக்காங்கய்யா!"

லைன்மேன் போட்ட கூச்சல் உள்ளேயும் கேட்டிருக்க வேண்டும். பாக்டரியின் தகரக் கதவு படாரென்று திறந்தது. ஒரு தடியன் வெளியே பாய்ந்தான். பாய்ந்த வேகத்துக்கு அவன் எங்களைத் தாண்டி ஓடியிருப்பான். ஆனால் பேக்கரிக்காரர் கையில் அடுப்புத் துடுப்பு இருந்தது. வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் ரொட்டிகளைக் குறி தவறாமல் தள்ளியவரோ, அதே பழக்கத்தில் அவன் இரண்டு காலுக்கும் நடுவில் துடுப்பைச் செலுத்தினார். தடியன் முகம் குப்புற விழுந்தான். அவன்மேல் நான் உட்கார்ந்தேன். என் எடை ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. இருவரையும் அதில் ஏற்றினார்கள். தடியன் வழிநெடுக எங்களைத் திட்டினான். மற்றவன் குனிந்த தலை நிமிரவில்லை. ஜீப் சந்தைத் தாண்டி மறைந்த பிறகுதான் பேக்கரிக்காரர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார்.

சின்ன உருவம். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கினார். புருஷன் கையை விடாமலே அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நன்றிங்க. பயந்துட்டேன், ஆனா நம்பிக்கை மட்டும் போகல. அந்தச் சின்ன ஜன்னல்ல கம்பத்தைப் பார்த்ததும், இதை எப்படியாவது நம்ம இரண்டாம் கை காதுல போட்டுட்டா போதும்னு இருந்துச்சு. பகா எண்தான்னு அவர் சொன்னாரு பாருங்க, அப்பவே எனக்கு உயிர் வந்துடுச்சு. சேதி புரிஞ்சாத்தானே அப்படிச் சொல்லியிருப்பாரு?" அவர் எங்களைத் தாண்டி, கதவு திறந்து கிடந்த காரைப் பார்த்தார். "அவர் கார் நிக்குது. அவர் எங்க?"

பேக்கரிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா. அவருக்குப் பார்த்தவுடனே புரிஞ்சுபோச்சு," என்றார்.

"அதானே! போனை வச்சதும் உங்ககிட்ட சொல்லியிருப்பாரு."

"இல்லம்மா. எங்ககிட்ட சொல்லல."

கணக்கம்மா சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். ஒன்றிலிருந்து அடுத்ததைக் கண்டுபிடிக்கிறது அவருடைய தொழில். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவதை நான் பார்த்தேன்.

"சொல்லாம, நேரா இங்கயா வந்தாரு?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

அவர் ரொட்டி வண்டியின் படியில் போய் உட்கார்ந்தார். கட்டிப் போட்டபோது அழாதவர், தடியன் மிரட்டியபோது அழாதவர், புருஷனின் மாவுக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.